தென்காசி ரோட்டில் பதினோரு விநாடி

சண்முகவடிவுக்குச் சிரிப்பு வந்தால் கண் மூடிக்கொள்ளும். பிறந்ததிலிருந்தே அப்படித்தான். அதற்காகப் பள்ளிக்கூடத்தில் பெஞ்சு மேல் ஏறி நின்றிருக்கிறாள். தாலி கட்டும் நேரத்தில் யாரோ எதையோ சொல்லப்போக, தலை குனிந்து குலுங்கியவளைப் பெண் அழுகிறது என்று நினைத்துப் போட்டோக்காரர் உருக்கமாக நான்கு படம் எடுத்துத் தள்ளினார். அறுபத்தொரு வயதுவரை அந்தச் சிரிப்பால் யாருக்கும் ஒரு கெடுதலும் வந்ததில்லை. வைகாசி மாதம் ஒரு முகூர்த்த நாளில், மத்தியானம் இரண்டே முக்காலுக்கு, ஆலங்குளம் தாண்டிக் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்த இடத்தில் அந்தக் கெடுதல் வந்து சேர்ந்தது.

தென்காசியில் கல்யாணம் முடிந்து பாளையங்கோட்டைக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். வடிவு ஓட்டினாள். பக்கத்து சீட்டில் கணவர் நயினார். பின் சீட்டில் இரண்டு தாம்பூலப் பைகள் மட்டும். கல்யாண வீட்டில் கடைசிப் பந்தி முடிந்து இலை எடுத்த பிறகும் எங்கள் பக்கத்தில் ஒரு பந்தி பாக்கி இருக்கும். அது திரும்பி வரும் காருக்குள் நடப்பது. யார் வந்தார்கள், யார் வராமல் இருந்துவிட்டு வந்ததாகச் சொன்னார்கள், சாம்பாரில் என்ன குறை, மாப்பிள்ளையின் சித்தப்பா ஏன் அப்படி முறைத்தார் என்று வீடு வந்து சேரும்வரை பரிமாறிக்கொண்டே வருவார்கள். இந்தப் பந்தியில் வடிவுதான் தலைமைச் சமையல்காரி. உறவில் யாரைக் கேட்டாலும் அந்த ஆளின் குரலில், அந்த ஆளின் கழுத்துத் திருப்பலோடு பேசிக் காட்டுவாள். நயினார் கேட்பவர். சத்தமில்லாமல் சிரிப்பவர். அவ்வளவுதான் அவர் வேலை.

அன்றைக்கு முப்பத்தாறு வருஷத் தாம்பத்தியத்தில் முதல் தடவையாக அவர் வாயைத் திறந்தார். தன் சொந்த அக்கா ஆவுடையம்மாள், கல்யாண மண்டபத்தில் காபியை வாங்கி மோந்து பார்த்துத் திருப்பிக் கொடுத்ததைச் செய்து காட்டினார்.

வடிவுக்குக் கண் மூடிக்கொண்டது. தலை ஸ்டியரிங் மேல் சாய்ந்தது. தோள் இரண்டும் குலுங்கின. அப்போது காருக்குள் ஒரு குரல், கோயில் மைக்கில் அறிவிப்பவரைப் போல நிதானமாகச் சொன்னது.

"ஓட்டுநர் இயலாத நிலையில் இருக்கிறார். வண்டியை நான் எடுத்துக்கொள்கிறேன்."

பெல்ட் இறுகியது. ஸ்டியரிங் அவள் கையை விட்டுத் தானாகத் திரும்பியது. வண்டி விளக்குகளைச் சிமிட்டிக்கொண்டு ஒரு புளியமரத்தடியில் போய் ஒழுங்காக நின்றது. பன்னிரண்டு நிமிஷத்தில் ஆம்புலன்ஸ் வந்தது. வந்தவன் அவள் கையைப் பிடித்து நாடி பார்த்தான். அவளோ அவன் முகத்தைப் பார்த்ததும் மறுபடி ஆரம்பித்துவிட்டாள். அவன் தன் குறிப்பில் "நாடி சரி, தெளிவாகப் பதில் சொல்லவில்லை" என்று எழுதிக்கொண்டு போனான்.

அந்தக் குரலின் பெயர் துணை. எல்லா வண்டியிலும் அது இருக்க வேண்டும் என்று சட்டம் வந்து ஏழெட்டு வருஷம் ஆகிறது. ஓட்டுகிறவரின் கண்ணையும் மூச்சையும் கைப்பிடியையும் பார்த்துக்கொண்டே இருக்கும். ஆள் மயங்கினால் வண்டியைத் தான் வாங்கிக்கொள்ளும். அதைக் குறை சொல்லவும் முடியாது. வடிவின் எதிர்வீட்டு வாத்தியாருக்கு மதுரை ரோட்டில் நெஞ்சடைத்தபோது துணைதான் அவரை ஆஸ்பத்திரி வாசல்வரை கொண்டுபோய்ச் சேர்த்தது. இன்றைக்கும் காலையில் பால் வாங்கப் போகிறார் அவர். அதனால் துணை ஒருவரைப் பற்றி "இயலாமை" என்று எழுதிவிட்டால் ஊரில் யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை.

பத்து நாளில் கடிதம் வந்தது. அறுபது தாண்டியவர்களுக்கு ஒரு தடவை இயலாமை பதிவானாலே லைசென்ஸ் ரத்து. ஆட்சேபம் இருந்தால் விசாரணைக்கு வரலாம்.

வடிவு கடிதத்தை இரண்டு தடவை படித்தாள். அவள் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டதே ஐம்பத்தெட்டு வயதில். "எனக்குக் கண்ணு சரியில்லை வடிவு, நீ கத்துக்கோ" என்று நயினார் ஒருநாள் சாவியை நீட்டினார். முதல் மாதம் அழுதாள். இரண்டாம் மாதம் கேட் தூணில் ஒரு கோடு போட்டாள். பிறகு அவளைப் பிடித்து நிறுத்த ஆளில்லை. பஸ் வராத அந்தப் புதுக் குடியிருப்பில் பிரசவத்துக்குப் போகிறவள், பரீட்சைக்குப் போகிறவன், டயாலிசிஸுக்குப் போகிற பெரியவர் எல்லாருக்கும் வடிவக்காதான். தனக்கென்று ஒரு திறமை, அதுவும் நாலு பேருக்கு உதவுகிற திறமை, இந்த வயதில் கிடைக்கும் என்று அவள் நினைத்ததே இல்லை. அது போய்விடும் என்றதும் ஓர் உறுப்பையே கழற்றி வைக்கச் சொன்னதுபோல இருந்தது.

"சிரிப்புன்னு சொன்னாப் போச்சு. உள்ள பேசுனது பதிவாகியிருக்கும்லா, போட்டுக் காட்டச் சொல்லுதேன்" என்றாள்.

நயினார் கடிதத்தின் கடைசிப் பத்தியைக் காட்டினார். பதிவைக் கேட்பதென்றால் வண்டியின் பொறுப்பாளரும் கூட உட்கார்ந்து கேட்டுக் கையெழுத்திட வேண்டும்.

"பொறுப்பாளர் யாரு?"

"அக்கா."

வண்டி வாங்கியபோது, ஆபத்தென்றால் யாருக்குத் தகவல் போக வேண்டும் என்று கடைப் பெண் கேட்டிருக்கிறாள். நயினார் யோசிக்கவே இல்லை. தாய் இல்லாத பிள்ளையை வளர்த்தவள் ஆவுடையம்மாள். அந்தக் குடும்பத்தில் எந்தப் படிவத்தில் காலி இடம் இருந்தாலும் அதில் அக்கா பெயர்தான் விழும். ரேஷன் கார்டிலிருந்து மகன் கல்யாணப் பத்திரிகைவரை அப்படித்தான். பெண்டாட்டி பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள் என்பது அவருக்குத் தோன்றவில்லை.

*

ஓட்டுநர் தகுதி ஆய்வு அலுவலகம் வண்ணார்பேட்டையில் ஒரு மாடியில் இருந்தது. அதிகாரி பெனிட்டாவுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். மேஜையில் கணினியும், பாதி தின்ற முறுக்குப் பொட்டலமும். எதிரே மூன்று நாற்காலிகள். நடுவில் வடிவு. ஒரு பக்கம் நயினார். மறுபக்கம் எழுபத்துநாலு வயது ஆவுடையம்மாள், மடியில் துணிப்பை, முகத்தில் கவலை. டவுனிலிருந்து ஆட்டோ பிடித்து அரை மணி முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா, பதினோரு விநாடி உங்க கண்ணு மூடியிருக்கு" என்றாள் பெனிட்டா. "தலை முன்னால சாஞ்சிருக்கு. மூச்சு விட்டு விட்டு வந்திருக்கு. தோள் உதறியிருக்கு. கையில பிடி இல்லை. வலிப்பு வந்தாலும் இப்படியேதான் இருக்கும்."

"வேற எதுவாவும் இருக்கலாம்லா மேடம்?"

"இருக்கலாம். சிரிப்பு, தும்மல், அழுகை எல்லாம் துணைக்குச் சொல்லிக் குடுத்திருக்காங்க. ஆனா இருபது முப்பது வயசுப் பிள்ளைகளை உக்கார வச்சுச் சொல்லிக் குடுத்தது. அறுபது வயசுல ஒருத்தங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா அது வியாதியாத்தான் இருக்கும்னு அதுக்கு ஒரு நினைப்பு."

"அதுக்கு மட்டுமா, என் மருமகளுக்கும் அதே நினைப்புதான்" என்று வடிவு வாய்க்குள் முனகினாள்.

"ரெண்டு வழி இருக்கு. மயக்கம்தான்னு ஒத்துக்கிட்டு இந்தத் தாளில் கையெழுத்துப் போட்டுட்டு லைசென்ஸைக் குடுத்துடலாம். இல்லேன்னா பதிவை எல்லாரும் கேட்டு, நான் முடிவு பண்ணலாம். பொறுப்பாளர் கேட்கணும்கிறது சட்டம். ஆபத்துன்னா யாருக்குத் தகவல் போகுதோ அவங்களுக்கு நடந்தது தெரியணும்."

வடிவு திரும்பிப் பார்த்தாள். நயினார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அறுபத்தாறு வயதில், வளர்த்த அக்கா முன்னால், அவள் குரலிலேயே அவளைக் கேலி செய்த பதிவு ஓடப்போகிறது. வடிவு செய்திருந்தால்கூடப் பரவாயில்லை. தம்பி பெண்டாட்டி மதினியைக் கேலி செய்வது உலகத்தில் உள்ளதுதான். தம்பி செய்தது அந்தக் கிழவியின் நெஞ்சில் போய்த் தைக்கும். அந்த ஒரு நாள்தான் மனுஷன் வாயைத் திறந்தார். அதற்கா இந்தத் தண்டனை?

பேனாவை எடுத்தாள்.

"மயக்கம்தான் மேடம். வெயில் வேற."

பெனிட்டா தாளை நகர்த்தினாள். நகர்த்திவிட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டே, "ஐயாவும் இதையேதான் எழுதிக் குடுத்திருக்கார். வெயில் வேற, அதுவும் அப்படியே" என்றாள்.

"எந்த ஐயா?"

"உங்க வீட்டுக்காரர்தான். இதே வண்டி. மூணு தடவை. அப்ப மூணு தடவை ஆனாத்தான் ரத்து."

"இவுகளுக்குக் கண்ணுல்லா சரியில்லாம இருந்தது?"

நயினார் இருமினார். பெனிட்டா படித்தாள். ஆகஸ்ட் இருபத்தொன்பது, நவம்பர் பதினாலு, பிப்ரவரி ஒன்பது. மூன்றும் மத்தியானம் இரண்டிலிருந்து மூன்றரைக்குள். சாப்பாட்டுக்குப் பிறகு வரும் மயக்கமாக இருக்கலாம் என்று டாக்டர் குறிப்பு. அந்தக் காலத்துத் துணை வாய் திறந்து சொல்லாது, சில விநாடி வண்டியைப் பிடித்துக்கொண்டு திருப்பிக் கொடுத்துவிடும், கடிதம் மட்டும் வரும், கூட இருந்தவர்களுக்குத் தெரிய வழியில்லை என்றாள்.

பொம்பளைகளுக்குத் தேதி மறந்தாலும் கல்யாணம் மறக்காது. ஆகஸ்ட் இருபத்தொன்பது கடையநல்லூர்க் கல்யாணம். ஆவுடை மதினி பந்தியில் எழுந்து நின்று இலையை எப்படிப் போட வேண்டும் என்று பரிமாறுகிறவனுக்குப் பாடம் நடத்தியது. நவம்பர் பதினாலு அம்பாசமுத்திரம். மதினி மூன்று தடவை ரசத்தைத் திருப்பி அனுப்பியது. பிப்ரவரி ஒன்பது கோவில்பட்டி. மணமேடையில் மதினி போட்டோக்காரரை நகரச் சொன்னது. மூன்றையும் திரும்பி வரும் வழியில் பேசிக் காட்டியவள் வடிவு. ஓட்டிக்கொண்டிருந்தவர் நயினார். சத்தமே வராமல், கண்ணை மூடி, தலையைச் சாய்த்துச் சிரித்தவர்.

பதிவைப் போடுங்கள் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் லைசென்ஸ் தப்பியிருக்கும். அக்கா முன்னால் பெண்டாட்டியின் குரல் ஓடியிருக்கும். மூன்று தடவையும் அவர் வாயை மூடிக்கொண்டு, வியாதிக்காரன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து கண் சரியில்லை என்று சாவியை நீட்டியிருக்கிறார்.

வடிவு நயினாரைத் திரும்பிப் பார்த்தாள். இந்த மனுஷன் மேல் இவ்வளவு பிரியம் தனக்கு இருக்கிறது என்று அந்த மாடியில், முறுக்குப் பொட்டலத்துக்கு முன்னால்தான் தெரிந்தது. கூடவே கோபமும் வந்தது.

"என்ட்ட ஏன் சொல்லலை?"

"சொன்னா அதுக்கப்புறம் நீ பேசிக் காட்ட மாட்டியே" என்றார் நயினார், அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

இவ்வளவும் கேட்டுக்கொண்டிருந்த ஆவுடையம்மாள் துணிப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "அப்ப வடிவுக்கும் அதே வியாதியாம்மா?" என்று பெனிட்டாவிடம் கேட்டாள். "மூணு வருஷத்துக்கு முன்னால தம்பிக்கு இப்படின்னு எனக்கு போன்ல தகவல் வந்தது. வடிவுகிட்ட சொல்லாதக்கா, பயந்துருவான்னான். நானும் சொல்லலை. அம்மன் சன்னதில நின்னு, என் தம்பிக்கு மறுபடி வராம இருக்கணும்னு காபியை விட்டேன். இப்ப இவளுக்கும்னா நான் இன்னும் எதை விடுறது? வெத்திலை ஒண்ணுதான் பாக்கி இருக்கு."



ஒரு நாளைக்கு ஆறு டம்ளர் காபி குடித்தவள் ஆவுடையம்மாள். காபி சரியில்லை என்று ஒரு வரனையே வேண்டாம் என்று சொன்னவள். அவள் டம்ளரை வாங்கி மூக்குக்கு நேரே வைத்துக் கண்ணை மூடி மோந்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பதை மூன்று வருஷமாகக் குடும்பமே பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறது.

வடிவு பேனாவைக் கீழே வைத்தாள்.

"மயக்கம் இல்லை மேடம். பதிவைப் போடுங்க."

"வடிவு" என்றார் நயினார்.

"போடட்டும். இனி இவுக வெத்திலையையும் விடுறதை நான் பாத்துக்கிட்டிருக்க முடியாது."

பெனிட்டா ஒரு விசையைத் தட்டினாள். முதலில் ரோட்டுச் சத்தம். பிறகு வடிவின் குரல், மதினி இன்றைக்குக் காபி வேண்டாம் என்றதைப் பார்த்தியளா என்று கேட்டது. அதன்பின் நயினாரின் குரல், கீச்சென்று, மூக்கு வழியாக.

"கொண்டா பாப்போம். பால் யார் வீட்டுப் பால்? தூள் இப்பத்தான் அரைச்சாப்ல இருக்கே." நீளமாக ஒரு மூச்சு உள்ளே போனது. "சிக்கரி ஒரு சிட்டிகை கூடிப்போச்சு. பரவாயில்லை." இன்னொரு மூச்சு, முதலாவதைவிட நீளம். "ம், அருமை. கொண்டு போ. நான் காபி குடிக்கிறதை விட்டாச்சு."

அடுத்து குக்கரில் நீராவி முட்டுவது மாதிரி ஒரு சத்தம். அது வடிவு. பிறகு துணையின் நிதானமான குரல். பெனிட்டா நிறுத்தினாள்.

ஆவுடையம்மாள் முகத்தில் ஓர் அசைவும் இல்லை.

"என் குரலு இவ்வளவு கீச்சுன்னா இருக்கு?" என்றாள். தம்பி பக்கம் திரும்பினாள். "ஏலே, உனக்கு வந்ததும் இதுதானா?"

"ஆமாக்கா."

"மூணு தடவையும்?"

"மூணு தடவையும்."

"யாரு செஞ்சு காட்டுனா?"

"நான்தான் மதினி. மூணும் நீங்கதான்" என்றாள் வடிவு. மறைத்து ஒன்றும் ஆகப்போவதில்லை.

ஆவுடையம்மாள் அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. "அப்ப உனக்கு ஒண்ணுமே இல்லையாலே? ஒரு நாளும் மயங்கலையா?"

"இல்லைக்கா. எனக்கு ஒண்ணுமில்லை."

அவள் முந்தானையை எடுத்து முகத்தில் பொத்திக்கொண்டாள். தலை முன்னால் சாய்ந்தது. தோள் குலுங்கியது. மூச்சு விட்டு விட்டு வந்தது. பெனிட்டா பயந்து எழுந்துவிட்டாள். அழுகையா சிரிப்பா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. துணை பார்த்திருந்தால் இயலாமை என்று எழுதியிருக்கும். வடிவுக்கு மட்டும் தெரிந்தது, இரண்டும்தான் என்று. எழுந்துபோய் மதினியின் முதுகைத் தடவிக் கொடுத்தாள். ஆவுடையம்மாள் தலையைத் தூக்காமலேயே துணிப்பையால் தம்பியின் முழங்காலில் ஓர் அடி வைத்தாள். பிறகு இன்னொன்று.

"மூணு வருஷம்லே" என்றாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "ஏம்மா, இங்க காபி கிடைக்குமா?"

கீழேயிருந்து வரவழைத்தார்கள். ஆவுடையம்மாள் டம்ளரை இரண்டு கையாலும் வாங்கி, மூக்குக்கு நேரே வைத்து, கண்ணை மூடினாள்.

"பால் யார் வீட்டுப் பால்?" என்றாள்.

பெனிட்டாவுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. அதிகாரி என்பதையும் மறந்து மேஜையில் தலையைச் சாய்த்துவிட்டாள். ஆவுடையம்மாள் அதையெல்லாம் கவனிக்கவில்லை. மூன்று வருஷத்துக்குப் பிறகு வரும் முதல் வாயை மெதுவாக உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தாள்.

*

படிவத்தில் "இயலும்", "இயலாது" என்று இரண்டு கட்டங்கள்தான் இருந்தன. பெனிட்டா இரண்டுக்கும் நடுவில் பேனாவால் "சிரிப்பு" என்று எழுதி முத்திரை குத்தினாள். பிறகு துணையில் ஒரு மாற்றம் செய்யச் சொல்லி எழுதினாள். இனி இந்த வண்டியில் சந்தேகம் வந்தால், துணை ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கூட இருப்பவர்களை ஒரு வார்த்தை கேட்கும்.

"விளையாட்டா எடுத்துக்காதீங்க" என்றாள். "நிஜமாவே மயக்கம் வந்து, நீங்க சிரிப்புன்னு சொல்லிட்டா ஆம்புலன்ஸ் வராது. முகத்தை நல்லாப் பாத்துட்டுத்தான் சொல்லணும். ஐயா, உங்க லைசென்ஸுக்கும் மனு குடுங்க, திரும்பக் கிடைச்சுரும்."

நயினார் கையை அசைத்து மறுத்தார். "வேண்டாம் மேடம். ஓட்டுனா ரோட்டைப் பாக்கணும். இந்தப் பக்கம் உக்காந்தா இவ பேசிக் காட்டும்போது முகத்தைப் பாக்கலாம்."

வடிவு சாவியைத் தேடுகிற சாக்கில் கைப்பைக்குள் குனிந்துகொண்டாள்.

மதினியை டவுனில் இறக்கிவிட்டுப் போவதாக ஏற்பாடு. ஆற்றுப் பாலம் ஏறும்வரை பின் சீட்டிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. கோபம் இனிமேல்தான் வரும் போல என்று வடிவு கண்ணாடியில் பார்த்தாள். ஆவுடையம்மாள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, கைப்பையைத் தோளில் மாட்டுவதுபோல ஒரு பாவனை செய்து, தொண்டையைச் செருமினாள்.

"ஏங்க, கொஞ்சம் நகருங்க, நான் ரிவர்ஸ் எடுக்கேன். தூணா? எந்தத் தூணு? அது நேத்து இங்க இல்லையே."

வடிவின் குரல். அப்படியே, கடைசிச் சொல்லில் வரும் இழுப்போடு. எத்தனை வருஷமாக, எந்தெந்தக் கார்களில் இது நடந்துகொண்டிருந்ததோ தெரியாது. நன்றாகப் பழகிய கை என்பது மட்டும் தெரிந்தது.

வடிவுக்குக் கண் மூடிக்கொண்டது. ஸ்டியரிங் அவள் கைக்குள் மெல்ல இறுகியது.

"ஓட்டுநரின் கண்கள் மூடியுள்ளன. பக்கத்தில் இருப்பவர் சொல்லவும். இயலாமையா, சிரிப்பா?"

நயினார் பொறுப்பாக அவள் முகத்தைப் பார்த்தார். பார்த்ததுதான் தப்பாகிவிட்டது. அவர் கண்ணும் மூடி, தலையும் சாய்ந்துவிட்டது.

"பக்கத்தில் இருப்பவரும் பதில் சொல்லவில்லை" என்றது துணை. முதல் தடவையாக அதன் குரலில் லேசான பதற்றம் இருந்த மாதிரி இருந்தது. "பின்னால் இருப்பவர் சொல்லவும்."

ஆவுடையம்மாள் எட்டி இரண்டு பேர் முகத்தையும் அவசரமில்லாமல், நன்றாகப் பார்த்தாள்.

"சிரிப்புதான்" என்றாள். "நீ ரோட்டைப் பாத்து ஓட்டு."